தேருக்கு முன் முளைக்கவேண்டும்

ஊசி உச்சந்தலையில் இறங்கியது. பாப்பம்மா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

குத்திக்கொண்டிருந்த டொக்டர் மஸூதாவுக்குத்தான் கை கூசியது.

இந்தப் புழுவெட்டுக்குப் பாப்பம்மா பண்ணாத வைத்தியமில்லை. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். மிளகும் உப்பும் அரைத்துப் பூசினாள், தோல் வெந்ததுதான் மிச்சம். காசளவு இருந்த வட்டம் தலை முழுக்கப் பரவிவிட்டது. புருவமும் போயிற்று.

யட்டவத்தையிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். தோட்டத்து லயத்தில் கேலி பேசாத வாய் இல்லை. அறுபது வயதில் கிழவிக்குச் சடை போட ஆசை வந்துவிட்டதாம்.

டொக்டர் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தாள். இது புழுவுமில்லை, யாரும் வைத்த சூனியமுமில்லை. உடம்பே தன் முடியை வேற்றாள் என்று நினைத்துத் தாக்குகிறது. களிம்பு பூசலாம், ஊசி போடலாம். ஆனால் இவ்வளவு பரவிய பிறகு பலிப்பது சந்தேகம். மனதில் கவலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பம்மாவுக்கு வேண்டியது ஒரே பதில். மாசித் தேருக்கு முன் முளைத்துவிடுமா?

இன்றைக்கும் அதையே கேட்டாள்.

தேர் நெருங்கிவிட்டது. ஊசி போட்ட பக்கத்தில் நாலைந்து வெள்ளை முடி, அவ்வளவுதான். மஸூதாவுக்கு மனம் கேட்கவில்லை. கொழும்பில் நல்ல டோப்பா கிடைக்கும், நானே வாங்கி வருகிறேன், அதை வைத்துக்கொண்டு ஜோராகத் தேர் பாருங்கள் என்றாள்.

பாப்பம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அடுத்தவங்க முடிய எப்பிடி டொக்டரம்மா மாரியம்மனுக்குக் குடுக்கிறது? மகன் திரும்பி வந்தா மொட்டை போடுறேன்னு நேந்திருக்கேன். ஆமிக்காரங்க ஜீப்புல ஏத்திக் கொண்டுபோறப்பகூட, தேருக்கு வந்துருவேன்மான்னுதான் சொன்னான். அவன் வந்து நிக்கிறப்ப, குடுக்க ஒண்ணுமில்லாம நான் நிக்கலாமா?"

மஸூதா ஊசியைக் கீழே வைத்தாள். இவளிடம் போய்க் கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறோமே என்று தன்மீதே கோபம் வந்தது. மகனை எப்போது கொண்டுபோனார்கள் என்று மெல்லக் கேட்டாள்.

"எண்பத்தொன்பதுல."

அந்த வருடம் மஸூதா நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பம்மா மறுபடியும் தலையைக் குனிந்து, இன்னும் ஊசி படாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.