ம்ருண்மயி எழுதாத கட்டளை

புனேயில், புரோகிராமை எந்திர மொழிக்கு மாற்றும் எங்கள் கம்பைலர் குழுவில் 'ரிட்டர்ன்' இலாகா ம்ருண்மயியுடையது. புரோகிராமில் யாரோ எழுதும் அந்த ஒரு சொல்லை அவள் எந்திரத்துக்கு இரண்டு கட்டளைகளாக மாற்ற வேண்டும்: விடையை ரெஜிஸ்டர் என்ற எந்திரத்தின் சிற்றறையில் வை, கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பிப் போ. வெள்ளிக்கிழமைக்குள் சோதனைகள் தேறாவிட்டால் அவளுடைய உழைப்பை மூட்டை கட்டிவிட்டு வெளியே ஆயத்தமான கம்பைலர் ஒன்றை விலைக்கு வாங்கிவிடுவதாக மேனேஜர் ஃபாடக் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் தேறின. அவல் போஹா தட்டோடு வாழ்த்தப் போனேன். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"ரெண்டாவது கட்டளையை நான் இன்னும் எழுதவே இல்லடா."

திரையைப் பார்த்தேன். திரும்பிப் போகச் சொல்லும் வரி எங்கேயும் இல்லை. ஆனாலும் எல்லாம் சரியான இடத்துக்குத் திரும்பியிருந்தன.

நான் ரவிவார் பேட் கடைவீதியில் மொத்தக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. "ஆர்டரே போடாம சரக்கு வாசல்ல வந்து இறங்கியிருக்கு. கேள்வி கேக்காம உள்ள எடுத்து வை" என்றேன்.

"உன் வியாபார புத்தியை வேற எங்கயாவது காட்டு!"

அந்த வரியை எழுதிச் சேர்த்து ஓடவிட்டாள். ஒவ்வொரு விடையும் இரண்டு தடவை வந்தது. முதலில் எங்களுடையது. பிறகு, அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது போல, இன்னொன்று.

பின்னால் வந்து நின்ற ஃபாடக் திரையை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார்.

"நம்ம வரியை எடுத்துடும்மா" என்றார் கடைசியில். "வெளிய எதுவும் வாங்க வேண்டாம்."

எடுத்தாள். எல்லாம் ஒரே தடவை, அமைதியாகத் திரும்பி வந்தன.

அவர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.