நத்தைப் பிள்ளைக்கு ஓவியப் பாடம்

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைத்த தாய் நத்தைக்கு, ஓவியப் பாடம் மட்டும் திருப்தியாக அமையவில்லை. "நல்ல வாத்தியாரா ஒருத்தரைப் பார்த்துட்டு வர்ற வரைக்கும் ஓட்டுக்குள்ளேயே இரு. தப்பாக் கோடு போட்டுப் பழகிடுவே" என்று சொல்லிவிட்டு, ஈரமான மதில் சுவரில் ஊர்ந்து கிளம்பியது.

மேல் மூலையில் இருந்த சிலந்தி, "ஆறே வாரத்துல அழகா வட்டம் போட வச்சுடறேன்" என்றது.

"வட்டம் எதுக்கு? பிள்ளை வந்து மாட்டிக்கவா?" தாய் திரும்பிவிட்டது.

கொடியில் இருந்த பச்சோந்தி, "எல்லா நிறமும் சொல்லித் தர்றேன்" என்றது.

"நேத்து இங்கே பழுப்பா உட்கார்ந்திருந்தது யாரு?" என்று கேட்டுவிட்டுத் தாய் வீட்டுக்கே வந்துவிட்டது.

பிள்ளை தலையை நீட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூலைக்கும் கொடிக்குமாக வளைந்து வளைந்து போன ஒரு வெள்ளிக் கோடு வெயிலில் மின்னியது.

தாய்க்குப் பகீரென்றது. "நான் இல்லாத நேரம் பார்த்து யாரு வந்து இதைப் போட்டது? முதல் பாடம் இலவசம்னு ஆள் பிடிக்கிற வேலையா?"

"யாரும் வரலைம்மா. நீ போய் வந்த வழிதான் அது."

"இப்படிச் சொல்லணும்னு வேற சொல்லிக் கொடுத்துட்டாங்களா?"

அதை அழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று தாய் மறுபடியும் சுவரில் ஏறியது. அது ஊர்ந்து ஊர்ந்து அழிக்க அழிக்க, கோடு நீண்டுகொண்டே போனது.