எட்டாவது ஆள்

கைரவான் வண்டிப் பேட்டையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வேனில் ஏழு பேர் ஏறியாயிற்று. எட்டாவது ஆள் வராமல் சூஸ் நகருக்குப் போகும் வண்டி கிளம்பாது. அதற்குள் டிரைவர் ஹம்மாதி ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். அவன் குறட்டையில் கண்ணாடி அதிர்கிறது. சட்டென்று சத்தம் நிற்கிறது. காதில் செருகிய மல்லிகைச் செண்டுகூட அசையவில்லை. அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறியிருக்கும் அவன் மனைவி மன்னூபியா விரல் விட்டு எண்ணுகிறாள். பதினெட்டில் அவன் திணறிக்கொண்டு விழிக்கிறான்.

"எட்டாவது ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீதான்யா!" அவன் சட்டைப்பையில் ஒரு டிக்கெட்டைத் திணிக்கிறாள். "ராத்திரி பூரா மூச்சு நின்னு நின்னு வருது, பகல்ல ரோட்டுல கண்ணசர்றே. சூஸ் ஆஸ்பத்திரியில இன்னிக்கு உன்னைப் படுக்க வச்சுப் பாக்கப் போறாங்க. பின்னாடி போ. வண்டிய என் தம்பி ஓட்டுவான்."

"என் வண்டியில எனக்கே டிக்கெட்டா?"

"எங்க உயிரும் இதுலதாண்ணே போகுது, வாங்க," என்று முட்டை அட்டையை மடியில் வைத்திருப்பவள் நகர்ந்து இடம் விடுகிறாள். வேன் குலுங்கச் சிரிக்கிறது. வெளியே காத்து நின்ற தம்பி டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகுகிறான். பேட்டை வாசலைத் தாண்டுவதற்குள் பின்சீட்டில் குறட்டை, பிறகு அமைதி. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எல்லோரும் உரக்க எண்ணுகிறார்கள். பன்னிரண்டில் முட்டைக்காரி முழங்கையால் ஓர் இடி இடிக்க, குறட்டை திரும்பி வருகிறது, கைதட்டல். முன்சீட்டில் சத்தமே இல்லை. மாதக்கணக்காக இரவெல்லாம் தனியாக எண்ணிய மன்னூபியா, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.