வீட்டுக் குழாய்

"ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் உங்களுக்குச் சொந்தம். நம்ம வீட்டுக் குழாய் மட்டும் பங்காளியாப்பா?"

சமையலறைத் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி மகள் கேட்டாள். பதினாறு வயது. அன்று அவளுக்குப் பரீட்சை.

"சாயந்தரம் வந்து பாக்குறேன்டா, இன்ஜினியர்."

"ஆறு மாசமா இதேதான் சொல்றீங்க! டொக்கு டொக்குன்னு தலையில அடிக்குது. எப்படிப் படிக்கிறது? வீட்டுக் குழாயை மூடத் தெரியல, நீங்கல்லாம் ஒரு பிளம்பர்!"

அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மதியத்துக்குள், கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மாடியில், குழாயை முடுக்கிக்கொண்டே கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பை மட்டும் வீட்டுக்கு வந்தது. உள்ளே அவர் கடைசியாகப் பிடித்திருந்த ரெஞ்சு இருந்தது.

அந்த ரெஞ்சு அவளுக்கு வேண்டும். ஏன் என்று வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பதின்மூன்று வயதில் வந்தது அது. ஒரு பொருளை வெறுங்கையால் பிடித்தால் போதும், அதைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் அப்போது பேசியது அவர் குரலிலேயே அவளுக்குக் கேட்கும். அடுத்து ஒருவர் வெறுங்கையால் பிடித்துப் பேசிவிட்டால் முந்தைய குரல் அழிந்துபோகும். பேருந்துக் கம்பியில் யாரோ ஒரு பெண்ணின் அழுகை. கடைக்காரர் தந்த சில்லறையில் கெட்ட வார்த்தை. உயிர்த்தோழியின் பேனாவில், "அவளா? சும்மா பாவமேன்னு பேசிட்டிருக்கேன்."

அன்றிலிருந்து கையுறை. வகுப்பில் அவளுக்கு 'சர்ஜன்' என்று பெயர்.

"அதெல்லாம் மனப்பிரமை. கையுறையைப் போட்டுக்கோ, போயிடும்" என்பதோடு அம்மா பேச்சை முடித்துவிடுவாள். அம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை. மருந்து பட்டுப் பட்டுத் தோல் கெட்டுவிட்டது என்று வீட்டிலும் ரப்பர் கையுறையைக் கழற்றமாட்டாள். "ஆத்தாளுக்கும் மகளுக்கும் கையுறை வாங்கியே நான் ஆண்டியாகப்போறேன்" என்று அப்பா சிரிப்பார்.

பையைப் பரணில் வைத்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அதைத் தொடாதே."

ஒரு மாதம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் நாற்காலியைப் போட்டு ஏறினாள். கையுறையைக் கழற்றிப் பைக்குள் கையை விடும் நேரத்தில், போன வேகத்திலேயே திரும்பி வந்த அம்மா கதவைத் திறந்தாள்.

"இறங்குடி!"

"மாட்டேன். அப்பா என்மேல கோவமாத்தான் போனாரான்னு எனக்குத் தெரியணும்."

"கோவமே இல்லடி. எத்தனை தடவை சொல்றது?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா? நான் திட்டுனதுலதான் அவருக்கு நெஞ்சு வலிச்சுதுன்னா? அதைக்கூட நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"சொன்னாக் கேளு. வெச்சிடு."

"எனக்குப் பிடிக்காததெல்லாம் கேக்க வெச்ச இந்தக் கை, ஒரே ஒரு தடவை எனக்காக உதவட்டும்மா."

ரெஞ்சை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடினாள்.

அப்பாவின் குரல் இல்லை. அம்மாவின் குரல்.

ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவள் இறங்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"தொட்டுட்டியா? வெறுங்கையால தொட்டுட்டியா? எல்லாம் தெரிஞ்சே தொட்டியா? அவர் குரல் போச்சும்மா! இருந்தது அது ஒண்ணுதான், அதையும் அழிச்சிட்டியே!"

அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியில பையைக் கையில குடுத்தாங்க. அப்ப எனக்குப் புத்தி எங்க இருந்துது? அவர் பிடிச்ச இடத்தைப் பிடிக்கணும்னு தோணுச்சு. பிடிச்சிட்டேன். வாய் விட்டு அழுதுட்டேன். அழிஞ்சு போச்சு."

"ஐயோ, அம்மா..."

"பாதியில விட்டுட்டே. முழுசாக் கேளு."

மகள் அவளை முறைத்தாள். பிறகு கீழே கிடந்த ரெஞ்சை மறுபடி பிடித்தாள்.

அம்மாவின் குரல்தான். மூச்சு வாங்கி, பாடம் ஒப்பிக்கும் குழந்தைபோல ஒரு சொல்லும் பிசகிவிடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னது:

"கொத்தனாரே, இன்னைக்கு எங்க வீட்டு இன்ஜினியர் என் மானத்தை வாங்கிட்டா. அவ கேட்டது நியாயம்தானே? என் வாயி அப்படியே வந்திருக்கு அவளுக்கு, பொழைச்சுக்குவா. சாயந்தரம் சீக்கிரம் கிளம்புறேன். ஒரு வாஷர் போட்டா முடிஞ்சுது. மொதல்ல வீட்டுக் குழாய், அப்புறம்தான் ஊர்க் குழாய்."

மகள் கண்ணைத் திறந்தாள். கொத்தனார் துக்கத்துக்குக்கூட வரவில்லை. மாடியில் பேசிய பேச்சு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அம்மா ரப்பர் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே கைகள், மருந்தே படாதவைபோல, வழவழவென்று இருந்தன.

"என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துது. சொல்ல தைரியம் வரலடி. அவர் குரல் அழியறதுக்கு முன்னாடி எனக்குக் கேட்டுது. உனக்காக அதை அப்படியே திருப்பிச் சொல்லி வெச்சேன்" என்ற அம்மா, வெறுங்கையால் முதல்முறையாக மகளின் கையைப் பிடித்தாள். "ஆனா அவர் அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னார். என்னாலதான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியல."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.