முந்நூறு யூரோவுக்கு மேலே

சக ஆட்டக்காரன் உதயனின் புதுக் காரைப் பார்த்ததிலிருந்து கோல்கீப்பர் கபிலனுக்கு வயிறு எரிந்தது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் அவர்களுடையது ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம். ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் மாதம் முந்நூறு யூரோதான், அதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது என்பது கழகத்தின் சட்டம்.

"அந்தக் காசிலை கார் வாங்கேலுமே அண்ணை? அவனுக்கு ஒளிச்சுக் குடுக்கிறியள்!" என்று செயலாளர் ஸ்ரீதரனிடம் பாய்ந்தான்.

"கார் அவன்ரை மனுசியின்ரை. அவ பல் வைத்தியர்."

"கதை விடாதேங்கோ. என்ரை மனுசி ஞாயிறு விடிய எழும்பி, உங்கட கன்டீனுக்கு ரோல்ஸ் பொரிச்சு மாதம் ஐந்நூறு யூரோ உழைக்கிறாள். அவன் காரிலை சவாரி விடுறான். ஒளிச்சுக் குடுக்கிற காசெல்லாம் இண்டைக்கே நிக்க வேணும்!"

"எல்லாமோ? யோசிச்சுச் சொல்லும்."

"ஓம், எல்லாம்தான்!"

ஸ்ரீதரன் பெருமூச்சு விட்டார். "சரி, அப்ப இனி ரோல்ஸ் வேண்டாமெண்டு உம்மடை மனுசி சிவசக்தியிட்டைச் சொல்லும்."

கபிலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரோல்ஸுக்கும் இதுக்கும் என்ன?"

"பக்கத்து ஊர்க் கழகம் மாதம் எண்ணூறு தாறமெண்டு உம்மைக் கூப்பிட்டதெல்லே? சட்டத்தை மீறாமல் உம்மைப் பிடிச்சு வைக்க எங்களுக்கு வேறை வழி தெரியேல்லை."

"அவள் கொண்டுவாற ரோல்ஸ் ஒண்டுகூட மிஞ்சுறதில்லையே அண்ணை!"

"மிஞ்சாதுதான். மேட்ச் தொடங்க முதல் எதிர் டீமுக்குச் சும்மா குடுத்திடுவம்."