சாலையில் கிடக்கும் மரம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மத்தியான வெயில் காய்கிறது. இடஒதுக்கீட்டு மறியலில் சாய்த்த மரங்களையெல்லாம் சாலையிலிருந்து எடுத்து ஒரு மாதமாகிறது. ஆனாலும் கல்வராயன் மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே பஸ், வசூல் ஜாஸ்தி என்று சேலத்துக்கு ஓடுகிறது. கேட்கிற மலைக்காரர்களிடம் "வழியில மரம் கெடக்குது" என்று மேலதிகாரி சொல்லச் சொன்னதைத்தான் டைம் கீப்பர் ஆதிமூலம் சொல்லிவருகிறார். போன வாரம் மலையிலிருந்து வந்து கேட்ட பச்சமுத்துவிடமும் அதையே சொன்னார். இப்போது அதே பச்சமுத்து மூன்று ஆட்களோடு டைம் கீப்பர் அறையின் கம்பிச் சன்னல் முன்னால் நிற்கிறான். அவன் தோளில் கோடாலி. மற்றவர்கள் கையில் அரிவாளும் வடக்கயிறும். "ஒத்தையடிப் பாதையா எறங்கி வந்தோமுங்க. எம்பொண்ணு நெறமாசமா இருக்குது, பஸ் வந்தாத்தான் ஆஸ்பத்திரி. மரம் எந்த எடத்துல கெடக்குதுன்னு சொல்லுங்க, இருட்டறதுக்குள்ள வெட்டித் தள்ளிடறோம்." கோடாலியில் பட்ட வெயில் கம்பிகளுக்குள் புகுந்து ஆதிமூலத்தின் காக்கிச் சட்டையில் ஆடுகிறது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்த மலை பஸ்ஸே சேலம் பலகையை மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருக்கிறது. ஆதிமூலம் அதைப் பார்க்காமல் பஸ் அறிவிக்கும் மைக்கின் ஒயரை விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுற்றுகிறார். அந்த விரலைப் பார்த்துப் பச்சமுத்து, ஆறுதல் சொல்கிற குரலில் கேட்கிறான்: "ரொம்பப் பெரிய மரமுங்களா?"