வருஷத்துக்கு ஒரு நாள்

"இன்னொரு கிளாஸ் குடிச்சுட்டுக் கிளம்பலாமே. நீயும் வந்து உட்காருடா" என்றாள் நோட்புர்கா.

"நீ குடிம்மா. நான் வண்டிகிட்ட நிக்கறேன்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே போய்விட்டான் மகன் ஹார்ட்மான்.

காலை பத்து மணிக்குத் தங்கள் ஊரான டிராமினிலிருந்து காரில் கிளம்பியவர்கள், மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டங்களை ஒட்டியே ஊர்ந்து வந்து, க்ளாவுசன் ஊரில் ஒரு விடுதி முற்றத்தில் இறங்கியிருந்தார்கள். அக்டோபர் மாதம். மேஜைக்கு மேஜை புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும் மணத்தன.

"அடியே புர்கா! இந்த வருஷமும் வந்துட்டியா?" என்று கூவிக்கொண்டே எதிரே வந்து உட்கார்ந்தாள் பிலோமினா. பள்ளிக்கூடத்துத் தோழி. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

"நான் வேண்டாம்னாலும் விடமாட்டேங்கறான்டி. அஞ்சு வருஷமா அக்டோபர் தவறினதில்லை."

"குடுத்து வச்சவ! என் பிள்ளை என்னைக் கடைசியா கார்ல ஏத்தினது கண் ஆபரேஷனுக்கு. அதுக்கும் பெட்ரோல் விலையைச் சொல்லிக் காட்டினான்."

நோட்புர்கா சிரித்தாள்.

"வீடு, தோட்டம் எல்லாத்தையும் அவன் பேருக்கு எழுதிக் குடுத்தப்ப, ஏமாந்துடாதேன்னு உன்னைத் திட்டினேனே, ஞாபகம் இருக்கா? என் வாயில மண்ணைப் போட. மாடியில ஒண்டிக்கட்டையா கிடக்கற அம்மாவை எவன்டி இப்படி ஊர் சுத்திக் காட்டறான்? பெத்தா இப்படிப் பிள்ளையைப் பெத்துக்கணும்!"

நோட்புர்காவுக்குப் பெருமையில் கன்னம் சிவந்தது. கண் மட்டும் வண்டிப் பக்கமே போனது. மகன் ஃபோனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து தன்னோடு ஒரு கிளாஸ் குடிக்கமாட்டானா என்றுதான் அவளுக்கு ஏக்கம். அதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கு வருஷம் முழுக்கக் காத்திருந்தாள்.

புறப்படும்போது ஒரு பாட்டில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஊரான பிரிக்ஸனில் பேராலயத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். அவன் பத்தடி முன்னால் நடந்தான்.

"பேத்தி ஸ்கூல்ல எப்படிப் படிக்கறா?"

"நல்லா."

"மாடிப் பக்கமே வர்றதில்லையே அவ?"

"படிப்பு இருக்கும்மா."

திரும்பும் வழியில், கால்டெர்ன் ஏரிக்கரையில் "கொஞ்சம் நிறுத்தேன்" என்றாள். நிறுத்தினான். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றதும், டேஷ்போர்டுக்குள் கைவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினான்.

"கையெழுத்துப் போட்டுடும்மா."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தெரிந்த தாள்தான். அவளுடைய கையெழுத்துகள் நான்கு, வருஷத்துக்கு ஒன்றாக, ஏற்கெனவே வரிசையாக இருந்தன. மேலே அச்சில் இருந்தது: 'சொத்து ஒப்படைப்புப் பத்திரம், ஒன்பதாவது பிரிவு. தாயாரை ஆண்டுக்கு ஒரு நாள், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், காரில் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்.'

நோட்புர்கா வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று நாற்பத்தெட்டு. பேனாவை மூடி அவனிடமே கொடுத்தாள்.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருக்குடா. வா, உட்கார்ந்து என்னோட ஒரு கிளாஸ் குடி."